புத்தகத்தைக் கண்டால் நழுவும் ஐந்தரை வயதுக் குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே வீட்டின் கதை அல்ல. ஒரே மாதிரிச் சிக்கலோடு இருக்கும் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவதை ஒரு சிறுவன், ஒரு குடும்பம், 12 வாரம் என்ற அளவுக்குள் சேர்த்துத் தந்திருக்கிறோம். இதே நிலையில் உள்ள பெற்றோரும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

நிலைமை

சிறுவனுக்கு உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 எல்லாம் மனப்பாடம். 'க, கா, கி, கீ' என்று தொடங்கினால் 'கௌ' வரை நிற்காமல் போவான். ஆனால் நடுவில் ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டினால், வரிசையின் தொடக்கத்துக்குப் போய் அங்கிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் அதைக் கண்டுபிடிப்பான். 'படம்' என்ற சொல்லை 'ப… ட… ம்' என்று கூட்டிவிட்டு, ஆசிரியரின் முகத்தைப் பார்த்து 'பட்டம்' என்பான். புத்தகத்தை எடுத்தால் தாகம் எடுக்கும், கால் வலிக்கும். நோட்டை எடுத்தால் அழுகை.

வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. 40க்கு மேல் படக்கதைப் புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டில் முதுகுப்பக்கம் தெரிய அடுக்கப்பட்டிருக்கின்றன. தினமும் இரவு தூங்கப்போகும் முன் அம்மா அரை மணி நேரம் படிக்க வைக்கிறார். பாட்டி பகலில் ஒரு பக்கம் எழுத வைக்கிறார். அப்பா விடுமுறை நாளில் சொல்வதெழுதுதல் வைத்து மதிப்பெண் போடுகிறார். மூவருமே அக்கறையோடு நேரம் ஒதுக்குகிறார்கள். அதனால்தான் இந்த நிகழ்வு ஆராயத் தக்கது. புறக்கணிப்பு எதுவும் இல்லாத வீட்டில் ஒரு குழந்தைக்குப் புத்தகம் ஏன் கசக்கிறது?

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

எதையும் மாற்றும் முன் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோக்கும் குழந்தைக்கு மெல்லின ஒலிகள் மங்கலாகக் கேட்கும். ந, ம, ன மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இங்கே இரண்டிலும் குறையில்லை.

அடுத்து, எழுத்தே காட்டாமல் ஒலி உணர்வைப் பார்க்க வேண்டும். 'தக்காளி'யைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் 'தக்-கா-ளி' என்று மூன்று தட்டு வருகிறதா? 'கல், பல், மரம்' இவற்றில் ஒத்து ஒலிக்காததைச் சொல்கிறானா? 'மலை'யில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'க' போட்டால் என்ன வரும்? முதல் இரண்டையும் எளிதாகச் செய்தான். மூன்றாவதைச் சிறிது யோசித்துச் செய்தான். இந்த வயதுக்கு அது போதும். ஒலிப் பகுப்பில் தடுமாற்றம் இல்லாததால், வாசிப்புக் குறைபாடு என்ற சந்தேகத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

பிறகு இரவு வாசிப்பைக் குறுக்கிடாமல் கவனிப்பது. ஒரு பக்கத்தில் நடந்தது இது. படத்தில் மழை. ஒரு பூனை பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது, வால் மட்டும் வெளியே. கீழே இரண்டு வாக்கியம்.

"இது என்ன எழுத்து கண்ணா?"

பதில் இல்லை.

"நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன். கொம்பு இருக்குல்ல, பாரு."

"கே."

"ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா?"

"அம்மா, பூனை வாலு…"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் படி."

சிறுவனின் சுட்டுவிரல் அந்த நேரம் முழுவதும் பூனையின் வால் மேல்தான் இருந்தது. கதைக்குள் அவன் ஏற்கெனவே போய்விட்டான். அம்மாவின் கேள்விகள்தான் அவனை வெளியே இழுத்தன. ஒரே பக்கத்தில் ஐந்தாறு கேள்வி, அத்தனைக்கும் சரி அல்லது தவறு என்ற விடை மட்டுமே உண்டு. கதை நேரம் தேர்வு நேரமாகியிருந்தது. பகலில் பாட்டியின் நோட்டு, விடுமுறையில் அப்பாவின் மதிப்பெண் என்று எழுத்து தொடர்பான எல்லா நேரமும் அப்படியே. தப்பாகச் சொல்லாமல் புத்தகத்தோடு இருக்க அவனுக்கு நாளில் ஒரு நிமிடமும் இல்லை.

இரண்டாகப் பிரித்தது

முதல் மாற்றமே பெரும்பகுதி வேலையைச் செய்தது. கதை நேரமும் எழுத்துப் பயிற்சியும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு இடத்தில், வேறு வேறு புத்தகத்தில் நடந்தன. கதை நேரம் 10 முதல் 15 நிமிடம், தூக்கக் கலக்கம் வரும் முன், மாலையில். பெரியவர்தான் படிப்பார். எழுத்துப் பயிற்சி 5 முதல் 7 நிமிடம், காலையில், மேசையில். கதைப் புத்தகத்தில் இருக்கும் எந்த எழுத்தையும் காட்டி 'இது என்ன' என்று கேட்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பாட்டிக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "நாமே படிச்சுக் காட்டினா அவன் எப்பப் படிப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் பின்னால் வரும்.

அலமாரியும் மாறியது. எல்லாப் புத்தகத்தையும் எடுத்துவைத்துவிட்டு எட்டை மட்டும் குழந்தையின் கண்மட்டத்தில், அட்டைப்படம் முன்னால் தெரியும்படி சாய்த்து வைத்தார்கள். முதுகுப்பக்கம் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் பயன்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டில் நான்கை மாற்ற வேண்டும். குழந்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட புத்தகம் இருக்கட்டும்.

ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்பான். பெரியவர்களுக்குச் சலிக்கும், ஆனாலும் படிக்க வேண்டும். 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். புதிய சொற்களை இரு குழுவும் ஒரே எண்ணிக்கையில்தான் கேட்டன. ஒரு குழு அவற்றை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டது, மற்றது வேறு வேறு கதைகளில் கேட்டது. ஒரே கதையைக் கேட்டவர்களே சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். என்ன நடக்கும் என்பது தெரிந்த பிறகுதான் குழந்தைக்குச் சொல்லைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கிறது.

எப்படிப் படிப்பது

முதல் தடவை கதையை நிறுத்தாமல் படிக்க வேண்டும். இரண்டாம் தடவையிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். கேள்வி ஒரே விடைக்குள் அடங்காததாக இருக்கட்டும். அதே பூனைப் பக்கம், நான்காம் வாரத்தில்:

"பூனை ஏன்டா ஒளிஞ்சிருக்கு?"

"மழ."

"ஆமா, மழைக்குப் பயந்து பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. வாலு நனையுதே, என்ன பண்ணும்?"

"வால மடிச்சு உள்ள வெச்சுக்கும். எடம் இல்லன்னா… பெரிய பெட்டி தேடும்."

இதில் நான்கு அசைவு இருக்கிறது: கேட்பது, குழந்தை சொன்னதை ஒப்புக்கொள்வது, அதை ஒரு படி நீட்டித் திருப்பிச் சொல்வது, இன்னொரு வாய்ப்புத் தருவது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் பற்றியது. 21 முதல் 35 மாதம் வரையிலான குழந்தைகளின் பெற்றோர் வீட்டிலேயே இப்படிப் படித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவின் வீடுகளிலும் புத்தகம் படிக்கப்பட்டது, ஆனால் வழக்கமான முறையில். ஒரு மாதத்தில் முதல் குழுவின் பேச்சுத் திறன் தெளிவாக முன்னேறியது. குழந்தை பேசும் பங்கு கூடியதுதான் வித்தியாசம். இந்தச் சிறுவனிடமும் மூன்று வாரத்தில் முதலில் மாறியது பேச்சுதான்: ஒற்றைச் சொல் விடைகள் முழு வாக்கியமாயின.

தமிழில் இன்னொரு தடை உண்டு. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. எழுத்து நடையைக் காதால் நிறையக் கேட்காத குழந்தை, எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்தாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உணர்வதில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டுவது அந்த நடையைக் காதில் ஏற்றுகிறது. பாட்டியின் கேள்விக்கு விடையில் பாதி இது. ஆகவே முதல் தடவை பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்லலாம், அடுத்த தடவைகளில் அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். எப்போதும் மாற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பயன் போய்விடும்.

மற்றப் பாதி விரலில் இருக்கிறது. படித்துக் காட்டும்போது குழந்தையின் கண் படத்தில்தான் இருக்கும், எழுத்துப் பக்கம் அரிதாகவே போகும். கனடா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. எனவே ஐந்தாம் வாரத்திலிருந்து, நன்கு பழகிய புத்தகத்தில் மட்டும், படிப்பவர் சொல்லுக்குக் கீழே விரலை ஓட்டினார். கேள்வி கிடையாது. திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியில் நிறுத்தினால் சிறுவன் முடித்துவைப்பான். சில நாளில் புத்தகம் முழுவதையும் அவனே 'படித்தான்', மனப்பாடமாகத்தான். அப்பா இதை ஏமாற்று என்றார். அப்படிக் கொள்ள வேண்டியதில்லை, இது ஒரு படி. சொல்லும் விரலும் எங்கே பிசகுகின்றன என்று பார்த்தால் போதும். தமிழில் பிசகு நீளமான சொற்களில் வரும்: 'ஓடிக்கொண்டிருந்தது' அச்சில் ஒரே சொல், குழந்தையோ 'ஓடி', 'கொண்டிருந்தது' என்று இரண்டு இடம் நகர்ந்துவிடும். வரி முடியும் முன் இடம் தீர்ந்துபோய், அவனே நின்று உற்றுப் பார்ப்பான். எழுத்தை உண்மையில் பார்க்கத் தொடங்குவது அந்த நொடியில்தான். அப்போது உதவிக்குப் பாய வேண்டாம், மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள்.

காலை 7 நிமிடம்

அகர வரிசையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். 247 எழுத்தையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போவது, ஆர்வமுள்ள குழந்தையையும் களைக்க வைக்கும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். ல, க சேர்த்தால் பல், கல், கடல், பகல், பக்கம். 'படம்' 'பட்டம்' இரண்டையும் அடுத்தடுத்து அட்டையில் வைத்தபோதுதான் புள்ளி என்ன வேலை செய்கிறது என்பது அவனுக்குப் பிடிபட்டது. அதுவரை அது அவனுக்கு அலங்காரம்.

'கல்'லில் 'க'வின் ஒலி வேறு, 'பகல்' நடுவில் அதே 'க'வின் ஒலி வேறு. கூட்டிப் படிக்கும் குழந்தை இங்கே திணறுவது இயல்பு. எழுத்தைத் தனியாகச் சொல்ல வைக்காமல் சொல்லை முழுதாக ஒலித்துக் காட்டினால் காது தானே சரிசெய்துகொள்ளும். கால் போடும் ஆகாரமும் இகரமும் முதலில். கொம்பு பின்னால்: ஒலியில் பிறகு வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கிறது, 'கொ'வில் இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டும் குழந்தைக்கு இது குழப்பம். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒரே நிறத்தில் எழுதி, ஒரே உருவமாகப் பழக்க வேண்டும். உகர, ஊகார வரிசை கடைசியில், ஏனென்றால் கு, சு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பழைய கதைப் புத்தகம் வீட்டில் இருந்தால், லை, ணை, னை, றா போன்றவை அதில் வேறு உருவில் இருக்கும். அதைப் பெரியவர் படித்துக் காட்டலாம், குழந்தை கையில் இப்போது வேண்டாம்.

எழுத்தை மீட்டது

எழுத்தில் வெறுப்பு ஆழமாக இருந்ததால் முதல் மூன்று வாரம் அவன் எழுதவே இல்லை. அவன் சொன்னான், பெரியவர் எழுதினார். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து முதுகில் இரண்டு பின் அடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். அட்டைக்குப் போக ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வாக்கியம், மேலே அவன் வரையும் படம். அவன் பேசிய நடையிலேயே எழுத வேண்டும். 'நானும் தங்கச்சியும் மழைல ஓடுனோம்' என்றால் அதுவேதான். திருத்தி 'ஓடினோம்' என்று எழுதினால், திரும்பப் படிக்கும்போது அவன் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாது. முதல் புத்தகத்தை அவன் தங்கைக்குப் படித்துக் காட்டினான், யாரும் சொல்லாமலே.

நான்காம் வாரத்தில் கைக்கு வேலை. கோடில்லாத தாள், விரல்நீளம்கூட இல்லாத சிறு கிரேயான் துண்டுகள். துண்டு சிறியதானால் முழுக் கையால் பிடிக்க முடியாது, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் தானாகச் சேரும். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ படிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், எழுத்தும் ஆடும். எழுத ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்: கதவில் ஒட்டும் சீட்டு, பொம்மைப் பெட்டிக்குப் பெயர், பாட்டியின் தலையணைக்கு அடியில் வைக்கும் ரகசியக் கடிதம். பாட்டி பதில் எழுதினார். நோட்டில் ஒரு பக்கம் நிரப்ப வைத்தவர், தினமும் இரண்டு வரிக் கடிதம் எழுதுபவராக மாறினார். இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அவன் எழுதிய ஒரு சீட்டு: 'பாடி பூன வதது'. அவன் சொல்ல நினைத்தது 'பாட்டி, பூனை வந்தது'. உற்றுப் பாருங்கள். ஐகாரம் போய்விட்டது, ஏனென்றால் பேச்சில் 'பூன' என்றுதான் ஒலிக்கிறது. 'ட்'டும் 'ந்'தும் விட்டுப்போயின. தனித்து நிற்காமல் அடுத்த எழுத்தோடு ஒட்டி ஒலிக்கும் ஒற்றெழுத்தைப் பிரித்துக் கேட்பது கடினம். 'த' இரண்டு இடத்திலும் சரியாக விழுந்திருக்கிறது. காதில் விழுந்ததை எழுத்தாக்கத் தெரிந்த குழந்தையின் வேலை இது. 1971இல் மொழியியலாளர் சார்லஸ் ரீட், பள்ளிக்குப் போகும் முன்பே எழுதத் தொடங்கிய, ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் எழுத்துப் பிழைகளை ஆராய்ந்து, அவை ஒலியைப் பின்பற்றும் ஒழுங்குள்ளவை என்று காட்டினார்.

சீட்டைத் திருத்தவில்லை. பாட்டியின் பதிலில் 'பாட்டியும் பூனையைப் பார்த்தேன். பூனை எப்போது வந்தது?' என்று சரியான வடிவங்கள் இருந்தன. விட்டுப்போன ஒற்று மறுநாள் காலைப் பயிற்சிக்குப் போனது: 'பாடி', 'பாட்டி' இரண்டு அட்டை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிழை வகை.

சறுக்கிய இடங்கள்

ஆறாம் வாரத்தில் அப்பா ஓர் அட்டவணை ஒட்டினார். ஒரு புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம், 20 நட்சத்திரத்துக்கு ஒரு பொம்மை. முதல் நாளே பலன் தெரிந்தது. நான்கு நாளில் சிறுவன் இருப்பதிலேயே மெல்லிய புத்தகங்களைப் பொறுக்கி, பக்கங்களைப் புரட்டிவிட்டு நட்சத்திரம் கேட்டான். பூனைக் கதை அலமாரியிலேயே கிடந்தது. 1973இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் மழலையர் பள்ளியில் கண்டதும் இதுதான். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு அதைத் தந்தார்கள். ஓரிரு வாரம் கழித்துச் சுதந்திரமாக விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அட்டவணையை எடுத்தபின் பழைய நிலை திரும்ப இரண்டு வாரமாயிற்று. பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு புத்தகமோ, கூடுதலாக ஒரு கதையோ தரலாம்.

கேள்வி கேட்கும் முறை கைவந்ததும் அம்மா அதை அளவுக்கு மீறிச் செய்தார். ஒவ்வொரு பக்கத்திலும் 'ஏன், எப்படி, அடுத்து என்ன'. "கதய மட்டும் சொல்லும்மா" என்று சிறுவனே கேட்டான். குழந்தை பக்கத்தை அவசரமாகத் திருப்பினால் கேள்வி கூடிவிட்டது என்று அர்த்தம்.

கைப்பேசியில் கதை ஒலிக்க விட்டுவிட்டு வேலை பார்த்த நாட்களில் தீங்கு ஏதுமில்லை, பயனும் குறைவு. வாலைப் பற்றிப் பேச அங்கே ஆள் இல்லை.

12ஆம் வாரத்தில்

புத்தகத்தை அவனே எடுத்துவருகிறான், பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறையாவது. பழகிய மூன்று புத்தகங்களை விரல் வைத்து, சொல்லுக்குச் சொல் பொருத்திப் படிக்கிறான். புதிய புத்தகத்தில், எளிய இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டாமலே கண்டுகொள்கிறான். கடிதம் இரண்டு வரி வரை நீள்கிறது.

ல, ள, ழ குழப்பம் அப்படியே இருக்கிறது. ர, ற, ந, ன, ண ஆகியவையும்தான். இவை ஏழு, எட்டு வயது வரை தொடர்வது சாதாரணம். சொல்லை அடிக்கடி கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும், இப்போது விதி சொல்வதில் பயனில்லை. கொம்பு எழுத்துகளில் வேகம் குறைவு. சொல்வதெழுதுதல் இன்னும் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அடுத்த மூன்று மாதத்தில் கவனிக்க வேண்டியது: பழகிய எழுத்துகளாலான புதுச் சொற்களில் தடுமாற்றம் குறைகிறதா, நேற்றுப் படித்த சொல் இன்று அடியோடு புதிதாகத் தெரிகிறதா. இரண்டாவதாகச் சொன்னது வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்ததாகத் தெரியவந்தாலோ, 'பெரியவனானால் சரியாகிவிடும்' என்று காத்திராமல் சிறப்புக் கல்வியாளரிடம் காட்ட வேண்டும். அப்போதும் மாலைக் கதை நேரத்தைக் குறைத்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிட வேண்டாம்.